பாதி மட்டும் சுரண்டவும்

தூத்துக்குடியில் கடலை வீட்டில் வைத்து வளர்ப்பவர்கள் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வாசல் கதவைத் திறந்து வைக்க வேண்டும். கடல் வந்து பார்த்துவிட்டுப் போகும்.

முழுசாகத் தன்னையே பார்த்துக்கொள்ளக் கடலுக்குக் கை போதவில்லை. அதனால் நம்பிக்கையான வீடுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் கொடுத்து வைத்திருந்தது. எஸ்கலினுக்கு முந்நூறு லிட்டர் கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை, நாலு வருஷம் வரிசையில் நின்றாள். கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் அந்தக் கடல் இருந்தது. அதில் கொஞ்சம் பவளம், ஒரு ஜோடி கோமாளி மீன், வாய்த்துடுக்கான ஒரு சங்கு நண்டு. தண்ணீர் கெட்டிருந்தால் கடல் ஒரு வார்த்தை பேசாது. பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி, மீனும் பவளமுமாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடும். எதிர்வீட்டு பிளேவியனுக்குப் போன வருஷம் அப்படித்தான் போயிற்று. மனுஷன் இன்னும் காலித் தொட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எஸ்கலின் ஓடிவந்து தன் தொட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

ஆனால் அவள் தண்ணீர் ஒருநாளும் கெட்டதில்லை. அவளிடம் பாசி வலை இருந்தது. கம்பளி நூலில் பூப்போட விற்கிற பிளாஸ்டிக் வலைதான். அதை ரம்பத்தால் கீறிச் சொரசொரப்பாக்கித் தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரிக்குள் தொங்கவிட்டிருந்தாள். மேலே ஒரு குழாய், இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கு. தொட்டித் தண்ணீர் வலைமேல் வழிந்து இறங்கும்போது, மீன் கழித்த அழுக்கைத் தின்று பாசி தழைக்கும். சனிக்கிழமை பாசியைச் சுரண்டி எடுத்தால் அழுக்கும் கூடவே வெளியே போய்விடும். ஒரே ஒரு விதிதான். ஒரு பக்கம்தான் சுரண்டலாம், அதுவும் வேர் நிற்க வேண்டும். ‘பாதி மட்டும் சுரண்டவும்’ என்று எழுதி ஒட்டியும் வைத்திருந்தாள்.

அவள் கணவர் பொனிப்பாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுதினதைப் படிக்கத் தெரிந்தவர்தான். ஆனால் சுத்தப் பைத்தியம். திங்கட்கிழமை காலை எஸ்கலின் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை விருந்தாளி வருகிற வீட்டில் பச்சைப் பசேலென்று ஒன்று தொங்கலாமா என்று அவருக்குத் தோன்றியது. வலையைக் கழற்றி, தேங்காய் நாரும் சோடாப்பொடியும் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்து, கிளிப் மாட்டிக் கொடியில் வெயிலில் காயப் போட்டார்.

“பாத்தியா, முத்து மாதிரி ஆக்கிட்டேன்” என்றார் வந்தவளிடம்.

எஸ்கலின் கையிலிருந்த கத்தரிக்காய்ப் பை கீழே விழுந்தது. “அட பாவி மனுஷா! என்ன காரியம் செஞ்சிட்டிய! அது திரும்ப வளர மூணு வாரமாகும். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் கெடக்கு!”

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். அழுக்கு ஏற ஏறச் சிவக்கிற சோதனைக் குப்பியில் அன்று சாயங்காலமே தண்ணீர் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை செம்பருத்தி நிறம். எஸ்கலின் தொட்டிக்கு முன்னால் நின்று நிலைமையைச் சொன்னாள். தீனி குறைந்தால் அழுக்கும் குறையும் அல்லவா? ஒரு வேளை சாப்பாடு போதும் என்று கோமாளி மீன்கள் ஒத்துக்கொண்டன. தவக்காலம் முடிஞ்சு மூணு மாசமாச்சே என்று சங்கு நண்டு மட்டும் முணுமுணுத்தது.

அப்புறம் அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். பொனிப்பாஸுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. குற்ற உணர்ச்சியில் இரண்டு நாளாக அவர் சவரம்கூடச் செய்திருக்கவில்லை. கன்னத்தைத் தடவியபடி நின்றவர் சட்டென்று தடவுவதை நிறுத்தினார்.

“எஸ்கலின், பாசிக்கு என்ன வேணும்? சொரசொரப்புதான?”

“சொரசொரப்பு, வெளிச்சம், மேல ஓடுற தண்ணி.”

“தொட்டுப் பாரு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தாள். ரம்பத்தால் கீறிய வலையைவிட நன்றாகவே இருந்தது.

புதன்கிழமை விடிந்ததும் பொனிப்பாஸ் காலை மடக்கித் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்தார். போன சனிக்கிழமை சுரண்டிக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு உரமாகப் போட்டிருந்த பாசி இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. எஸ்கலின் அதை எடுத்துக் கழுவி அவர் கன்னம் இரண்டிலும் பூசினாள். குழாயை நெற்றிக்கு நேராகத் திருப்பினாள். வெளுத்த வலையையும் பக்கத்திலேயே தொங்கவிட்டாள். மனிதக் கன்னத்தில் கொஞ்சம் சூடு இருப்பதால் பாசி சீக்கிரம் பிடிக்கும். வியாழன் மத்தியானத்துக்குள் அவருக்குப் பச்சைத் தாடி நெஞ்சுவரை இறங்கியிருந்தது. குழாய்த் தண்ணீர் விழாத நேரம் பார்த்து எஸ்கலின் இடியாப்பம் ஊட்டிவிட்டாள்.

“கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷத்துல இன்னைக்குத்தான் ஊட்டுற” என்றார்.

“வாய மூடுங்க, தண்ணி உள்ள போயிரும்.”

வெள்ளிக்கிழமை, கடல் வெளியே போகிற நாள் என்பதால், கரையில் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. நாலு மணிக்குத் திரும்பிவிடும் என்று பலகை வைத்திருந்தார்கள். பதினொரு மணிக்குக் கடல் எஸ்கலின் வீட்டு மிதியடியில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தது. சற்றே ஒடுங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தது.

“காப்பி?”

“வேண்டாம்மா. நல்ல தண்ணி எனக்குச் சேராது.”

அது தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தது. எஸ்கலின் கழுத்துச் சிலுவையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கடல் இன்னொரு முறை ருசி பார்த்தது. மீன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

“நல்லாருக்கு” என்றது கடல். “எங்கிட்டகூட இப்படி இல்ல. என்ன வச்சிருக்கீங்க?”

எஸ்கலின் குனிந்து அடிக்கதவைத் திறந்து காட்டினாள். பொனிப்பாஸ் உள்ளிருந்தபடியே கும்பிட்டு, “வாங்க” என்றார். கடல் அவர் தாடியைத் தொட்டுப் பார்த்தது.

“எனக்கும் உள்ளுக்குள்ள ஒரே கசகசன்னு இருக்கு தாயீ. ஊரே கொட்டுது, சுரண்ட ஆளில்ல. இந்தத் தொட்டிய நீ ஆயுசுக்கும் வச்சிக்க, இனிமே பாக்க வரமாட்டேன். இவர மட்டும் எனக்குத் தாரியா?”

எஸ்கலின் தொட்டியைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். பக்கத்தில் தொங்கிய வலையிலும் பச்சை பிடித்திருந்தது.

“அஞ்சு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிரணும். சனியும் ஞாயிறும் லீவு. சுரண்டுறது நான்தான்.”

“சரி” என்றது கடல். எஸ்கலினுக்கு அந்த வாரத்தில் முதல் முறையாகப் பசித்தது.

திங்கட்கிழமை முதல் பொனிப்பாஸ் தூக்குச்சட்டியோடு ஒன்பது மணிக்குக் கிளம்பி, கழுத்தளவு தண்ணீரில் நின்றார். கிரேன் ஓட்டியதைவிட இது பிடித்திருக்கிறது என்றார். அந்தச் சனிக்கிழமை எஸ்கலின் இடது கன்னத்தை மட்டும் சுரண்டினாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வலது கன்னத்தைச் சுரண்ட உட்கார்ந்தவள், இடது கன்னத்தில் ஆரஞ்சு நிறத்தில் நூறு இருநூறு முட்டைகள் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். கடலில் நின்றபோது ஏதோ கோமாளி மீன் இட்ட முட்டை. பொரிய எட்டு நாளாகும். பொனிப்பாஸ் வலது பக்கமாகச் சாய்ந்து படுத்தார். முட்டையோடு கூடவே வந்துவிட்ட அப்பா மீன் தலையணையில் நின்று துடுப்பால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றே போதும் என்று எஸ்கலின் மின்விசிறியை நிறுத்தினாள்.