கழுவி வைத்த வாய்

"நேத்து காலையில வாய் கொப்பளிச்சீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"கேக்கறது யாரு? லேப் அம்மாவா, என் பொண்டாட்டியா?"

"ரெண்டு பேரும்தான். ரெண்டு பேருக்கும் கோபம் வந்திருக்கு."

"அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே பதில். லேசா."

"லேசான்னா?"

"அந்தப் பச்சை மவுத்வாஷ் ஒரு மூடி. அப்புறம் பல் தேச்சேன். அப்புறம் மனசு கேக்கல, இன்னொரு மூடி."

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, கையால் வாயை மறைத்தபடியே இதைச் சொன்னார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். நாக்கின் ஓரத்தில் வந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்ததிலிருந்து கடைப்பக்கம் போகவில்லை. அவர் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்ற மனைவிக்கு அந்த ஆய்வுக்கூடத்தில்தான் வேலை. நோயாளிகளின் சளி, எச்சில், சீழ் எல்லாம் அவள் மேஜைக்கு வரும். ரத்தம் கலந்த கூழ் ஊற்றிய வட்டத் தட்டுகளில் அவற்றைத் தடவி, இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் வைத்து, மறுநாள் எந்தக் கிருமி முளைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வாள்.

நேற்று அவர் துப்பிக் கொடுத்த எச்சிலும் அப்படித்தான் போனது. இன்று தட்டைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. சிவப்பாக, வழவழவென்று, ஆள் நடமாட்டமில்லாத மைதானம் மாதிரி இருந்தது. எப்பேர்ப்பட்ட சுத்தக்காரர் வாயும் சந்தைக்கடைதான். வாசலில் ஒரு ஈ காக்காய்கூட இல்லையென்றால் யாரோ விரட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரிய டாக்டரும் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, உங்க வீட்டுக்காரர் வாயா, கழுவிக் கவுத்த கிண்ணமா?" என்று கேட்டார்.

சிரிக்கிற விஷயமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்துக் கொடுக்கப்போகும் மருந்து, மிச்சமிருக்கும் புற்றோடு சேர்த்து அவருடைய ரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் அடித்துப்போடும். காவல் இல்லாத அந்த நாட்களில், பல்லிடுக்கில் சும்மா கிடந்ததுகூட ரத்தத்தில் இறங்கிவிடலாம். அப்படி இறங்கியவர்களின் தட்டுகளை அவள் பார்த்திருக்கிறாள். சிலருக்கு இரண்டாவது தட்டு வைக்க வேலை இருந்ததில்லை. ஆறாத காயத்தில் குடியேறியிருப்பது யாரென்று தெரிந்தால் முதலில் அதை அடக்கலாம். அதற்காக மருந்தைத் தள்ளிக்கொண்டே போனால் புற்றுக்குக் கொண்டாட்டம்.

"நாளைக்குக் காலையில எழுந்ததும் எடுக்கணும். தண்ணிகூடப் படக்கூடாது. துப்பித் தர்ற வேலையெல்லாம் வேண்டாம். காயத்தோரம் பஞ்சுக்குச்சியால நீயே தொட்டு எடுத்துட்டு வந்துடு" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதை அவள் சொன்னதும் கணவர் முகம் வாடிவிட்டது.

"நர்ஸ் எடுக்கட்டுமே. அந்தப் பொண்ணுகிட்ட காட்டறேன்."

"விடிஞ்சும் விடியாம நர்ஸ் நம்ம வீட்டுக்கு வருவாளா? அவகிட்ட காட்டுவீங்க, என்கிட்ட காட்ட மாட்டீங்களா?"

"அந்தப் பொண்ணு எனக்கு யாரு?"

"ஓ! பொண்டாட்டின்னா வாயை மூடிக்கணுமாக்கும்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து மூடிக்கிட்டுதானே இருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று இன்னும் கோபம் வந்தது.

"எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க? ஒண்ணும் தெரியாதவரா நீங்க?"

அவர் நடைபாதையின் கோடியைப் பார்த்தார். "வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னா கூட்டிப் பெருக்கி வைக்க மாட்டோமா?"

"யார் வந்தாங்க?"

"நீதான். அந்தத் தட்டை நீதானே திறப்பே."

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூக்கம்மா என்று பெயர். தட்டை முகரக்கூடாது என்பது விதி. ஆனாலும் மூடியைத் தூக்கியதும் மூக்கு முந்திக்கொள்ளும். ஒரு கிருமி திராட்சை மாதிரி மணக்கும், ஒன்று சுட்ட சர்க்கரை மாதிரி, ஒன்று ப்ளீச்சிங் பவுடர் மாதிரி. இத்தனை வருடமாக இந்தக் கதைகளையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் அவரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னிக்கு ஒரு வாய் வந்துச்சு பாருங்க, செத்த எலி தோத்துடும் என்று மூக்கைப் பிடித்து நடித்துக்காட்டியிருக்கிறாள். அவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அந்த வாய்க்கும் ஒரு ஆள் இருந்திருப்பான் என்று இரண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை.

மறுநாள் அவள் கண் விழித்தபோது அவர் குளியலறையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார்.

"பாட்டிலைக் காணோம்."

"தெரியும்."

"பேஸ்ட்டையும் காணோம்."

"அதுவும் தெரியும்."

"திருடி."

"குழாய்ப் பக்கம் போகாம வந்து உக்காருங்க."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் திரைச்சீலையை விலக்கினாள். அவருடைய நரைத்த தாடி முட்களின்மேல் வெயில் விழுந்தது. தூக்கத்தில் யாரோ கலைத்துவிட்டுப் போனதுபோல் தலைமுடி ஒரு பக்கமாக நின்றது.

"மாஸ்க் போட்டுக்கோ."

"லேப்ல இருக்கு."

"உன் பையில இருக்கு. பாத்தேன்."

"பாத்ததை மறந்துடுங்க."

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். பிறகு, பூட்டிக்கிடந்த கதவைத் திறப்பதுபோல், மெல்ல வாயைத் திறந்தார்.

பூச்சாடியில் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை. அதற்கடியில் துருவின் வாடை. மூக்கு தன் வழக்கப்படி பெயர் தேடத் தொடங்கியது. அவள் அதை அடக்கினாள். தையல் போட்ட இடம் சிவந்து, அதன்மேல் மஞ்சளாக ஒரு படலம் படிந்திருந்தது. இடது கையால் அவர் தாடையைத் தாங்கிக்கொண்டு, பஞ்சைப் படலத்தின்மேல் வைத்து மெதுவாக உருட்டினாள். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

"வலிக்குதா?"

இல்லை என்று இமையால் சொன்னார்.

குச்சியைச் சோதனைக் குழாய்க்குள் இறக்கி மூடியைத் திருகினாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"நாத்தமா?"

"ஆமா."

திடுக்கிட்டுப்போய் ஒரு நொடி அவளையே பார்த்தார். அப்புறம் சிரித்தார். வாயை மறைக்கக் கை எழும்பவில்லை.

"ஒரு பேச்சுக்குப் பொய் சொல்லக்கூடாதா?"

"இந்த வீட்ல பொய் சொல்ற வேலை உங்களோடது. கையை விடுங்க, பஸ் போயிடும். இது சீக்கிரமா லேப் போய்ச் சேரணும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குழாயை மேல்பாக்கெட்டில் செருகினாள். தெருமுனையில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. அவர் அவள் மணிக்கட்டை விடவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே பக்கத்துல உக்காரேன்" என்றார்.