காலிப் படுக்கை

அந்தத் தெருவில் ஸ்டுடியோக்காரரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. திமிங்கிலக்காரர் என்றால் கை நீட்டி வழி காட்டுவார்கள். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து உட்கார்ந்தவரிடம் "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்று தொடங்கி, தாய்த் திமிங்கிலம் குட்டியை மூச்சு வாங்க மேலே தள்ளிக்கொண்டு வருவதில் போய் முடிப்பார். இத்தனைக்கும் மனிதர் ஒரு திமிங்கிலத்தையும் நேரில் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்க்கப் போகிறார். படகிலேயே தங்கி, கடலில் இறங்கிப் படமெடுக்கும் பயணம். செலவைக் கேட்டவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். மனைவி மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை.

"போயிட்டு வாங்க. இல்லன்னா காலம் பூரா சொல்லிக் காட்டுவீங்க" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நானும் வரலாமா? தண்ணில எல்லாம் இறங்க மாட்டேன். மேல நின்னு பார்த்தாப் போதும்."

"ஒரே ஒரு இடந்தாம்மா மிச்சம் இருந்துச்சு" என்றார் அவர், லென்ஸைத் துடைத்துக்கொண்டே.

வடிகட்டின பொய். படகில் அறைக்கு இரண்டு படுக்கை. தனியாகப் போகிறவர் பக்கத்துப் படுக்கைக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போவதற்காகக் கூடுதலாகப் பணம் கட்டிய புண்ணியவான் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

உடன் வருகிற குழுவிடம், காட்டு விலங்குகளைப் படமெடுப்பதே தன் தொழில் என்று அளந்துவிட்டிருந்தார். மிருகக்காட்சிசாலையில் எடுத்த சிறுத்தைப் படத்தை, கூண்டுக் கம்பி தெரியாதபடி ஓரங்களை வெட்டிவிட்டு, அவர்களுக்கு அனுப்பியும் வைத்திருந்தார். மனைவி வந்தால் படகு கரையை விட்டு நகர்வதற்குள் ஸ்டுடியோ கதை முழுக்க எல்லோர் காதுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கடையைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்கு வெட்கமே கிடையாது. வெட்கமெல்லாம் அவருக்குத்தான்.

அவளோ பயணம் தனக்கே என்பது போல ஓடியாடினாள். அவர் வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி மூச்சடக்கப் பழகும்போது பக்கத்தில் நின்று எண்ணுவாள். சீக்கிரம் தலையைத் தூக்கினால், "திமிங்கிலம் சிரிக்கப் போகுது" என்பாள். கேமரா பைக்குள் லென்ஸ்கள் ஆடாமல் இருக்க, தடித்த ஸ்பாஞ்ச் வாங்கி, ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்துக் குழி வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை அவள் ஸ்டுடியோவின் உள்ளறையில் அப்படி வெட்டிக்கொண்டிருந்தபோது, பயணத்தை நடத்தும் பெண் வீடியோவில் கூப்பிட்டாள். குழுவினர் எல்லோரும் திரையில் இருந்தார்கள். ஸ்டுடியோக்காரர் அங்கே கிடந்த பாஸ்போர்ட் போட்டோவுக்கான வெள்ளைத் துணியை அவசரமாகச் சுருட்டி மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, அவளுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"சார், உங்க ரூம்ல அந்த இன்னொரு படுக்கையைக் காலியாவே விட்டுடலாமா? அதுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கீங்க. வீட்டுல யாராவது வர்றதா இருந்தா இப்பக்கூட சேர்த்துக்கலாம்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"பின்னாடி இருக்கறது உங்க மனைவியா சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து வந்து திரைக்கு முன் நின்றாள். இன்றோடு குட்டு உடைந்தது என்று அவர் நினைத்தார்.

"ஆமாங்க. இவர் வா வான்னு கெஞ்சினார். எனக்குத்தான் படகுன்னாலே குடலைப் புரட்டும். வர மாட்டேன்னு ஒரேயடியா சொல்லிட்டேன்."

"சார் எப்பவும் காடு மேடுன்னு சுத்தறவர். உங்களுக்குக் கஷ்டந்தான்" என்றார் குழுவில் ஒருவர்.

அவள் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். "அவருக்குக் காடுதாங்க எல்லாம்" என்றாள்.

வாசலில் யாரோ பாஸ்போர்ட் போட்டோ என்று குரல் கொடுத்தார்கள். அது திரையில் இருந்தவர்களுக்குக் கேட்டுவிடாதபடி கதவைச் சாத்திக்கொண்டு அவளே போனாள். "சிரிக்காதீங்க, நேரா பாருங்க" என்று அவள் சொல்வது மெல்லிதாக வந்தது. திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அழைப்பு முடிந்ததும் அவள் திரும்பி வந்தாள்.

"நீயும் வாம்மா."

"எந்த முகத்தை வச்சுக்கிட்டு வர்றது? ஒத்துக்காதுன்னு இப்பத்தானே சொன்னேன்."

"ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம்."

"சமாளிச்ச வரைக்கும் போதும். கூப்பிட்டு உள்ளதைச் சொல்லுங்க. ஸ்டுடியோ வச்சிருக்கேன், இவளும் கூட வேலை பாக்கறா, வரேன்னு கேட்டா, நான்தான் வேண்டாம்னு பொய் சொன்னேன்னு சொல்லுங்க. வரேன்."

அவர் போனை எடுத்தார். அந்தப் பெண்ணின் எண் திரையிலேயே இருந்தது. விரல் அதன் மேல் நின்றது. வார்த்தைக்கு வார்த்தை சார் சார் என்று அழைத்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. போனைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்தார். தன் மேல் அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மறுபடி எடுக்கவில்லை.

அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு கீழே உட்கார்ந்து கடைசிக் குழியை வெட்டி முடித்து, பெரிய லென்ஸை அதில் வைத்து அழுத்திப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அந்தக் காலிப் படுக்கையில கேமரா பையை வச்சுக்கங்க" என்றாள். "தரையில வச்சா ஈரம் படும்."