இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் மடியில் ஒரு படிவம் வைத்திருந்தாள். பயமுறுத்தல், அவசரப்படுத்தல், அழவைத்தல், பெரிய மனிதர் பெயரைச் சொல்லி நம்பவைத்தல், குற்றவுணர்வைத் தூண்டுதல். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண்.

"என்ன வேலைம்மா?"

"வீடியோவுக்கு மார்க் போடறது சார். ஏமாத்துதுன்னு யாராவது புகார் குடுத்தா எங்ககிட்ட வரும். பதினஞ்சத் தாண்டினா தூக்கிடுவாங்க."

நானோ முப்பது வருடமாக வாராவாரம் தொடர்கதை எழுதிப் பிழைப்பவன். அந்த ஐந்தும்தான் என் அரிசி, பருப்பு.

அவள் சொன்னதை எழுத உட்கார்ந்து, முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அவள் கதவைத் திறந்தபோது உள்ளே ரத்த'

[வேண்டாம். பழக்கதோஷம்.]

2

அலுவலகத்தில் அந்தப் பெண்ணை 'மார்க்கு டீச்சர்' என்பார்கள். நாளைக்கு நூற்று நாற்பது வீடியோ. ஹெட்போன் பஞ்சு பிய்ந்து காதில் உதிரும். மாலையில் வீட்டில் யார் பேசினாலும், சொல்வது நிஜமா நடிப்பா என்று பார்க்கத் தோன்றும்.

ஒருநாள் தொண்ணூற்றொன்றாவது வீடியோவில் அவளுடைய அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரர் காணாமப் போய் ஒம்பது நாள் ஆச்சு. ஞாபகமறதிக்காரரு. மாத்திரை இல்லாம இன்னும் ரெண்டு நாள்கூடத் தாங்க மாட்டாருன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இன்னைக்கே எல்லாருக்கும் அனுப்புங்க. பாத்துட்டுச் சும்மா போறவங்க வீட்லயும் நாளைக்கு இது நடக்கலாம்."

பின்னணியில் வயலின்.

மாமா காணாமல் போனது நிஜம். ஒன்பது நாள் நிஜம். டாக்டர் சொன்னது, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பது மட்டும். நான்கு, ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து. மனசுக்குள் கூட்டினாள். இருபத்து மூன்று.

(விதிப்படி சொந்தக்காரர் வீடியோவை சூப்பர்வைசருக்குத் தள்ளிவிட வேண்டும். அவர் முழுதாகப் பார்க்காமலே நீக்குகிறவர். அவள் தள்ளவில்லை.)

3

மாடிப்படியில் நின்று போன் செய்தாள்.

"அக்கா, வேற எடுத்துப் போடு. அழாத. பாட்டு வேணாம். உயரம், சட்டை கலரு, கடைசியா எங்க பாத்தது, அவ்வளவுதான்."

"போன வாரம் அதத்தானடி போட்டேன். முப்பத்தாறு பேரு பாத்தாங்க. அதுல நாலு தடவ நான்."

"இது?"

"ரெண்டு லட்சம். பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. நம்பர் கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல."

"டாக்டர் அப்படிச் சொல்லலையேக்கா."

"தெனம் வந்து புலம்புவியே, டாக்டர் பேரச் சொன்னா நம்பிடறாங்க, மொத மூணு செகண்டுல அழுதா வெரல் நின்னுடுதுன்னு. கேட்டுக்கிட்டுதான இருந்தேன்."

அக்காவே தொடர்ந்தாள்.

"மார்க்கு போடும்போது மாமாவ நெனச்சுக்கோ."

குற்றவுணர்வைத் தூண்டுதல். ஐந்து. மனசு தானாகப் போட்டுவிட்டது. அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

(அக்காவை நான் கொஞ்சம் கூர்தீட்டியிருக்கிறேன். அழுது களைத்த பெண்ணுக்கு இத்தனை வாய் இருக்குமா, சந்தேகம்தான்.)

4

முடிவு ஒன்று: பதினான்கு போடுகிறாள். வீடியோ தப்பிக்கிறது. ஒரு மணி நேரத்தில் மாமா கிடைக்கிறார். [அழவைத்தல், ஐந்து.]

முடிவு இரண்டு: நேர்மையாக இருபத்து மூன்று. வீடியோ போகிறது. மாமாவைப் பார்த்தவர் நம்பரோடு திரும்பி வரும்போது, அந்த வீடியோவே இல்

[பயமுறுத்தல். என் கை இதற்குத்தான் பழகியது.]

முடிவு மூன்று: வேலையை உதறுகிறாள். [நானே நம்பவில்லை.]

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. 'மாடிப்படியிலிருந்து இருக்கைக்குத் திரும்பினேன்' என்பதுவரை சொன்னாள். அதற்குள் அவளுடைய நிறுத்தம் வந்துவிட்டது. ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருந்தது.

"எத்தனை மார்க் போட்டீங்க?" என்றேன்.

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வழி விடுங்க சார்" என்று இறங்கிப் போனாள்.

மாமா கிடைத்தாரா என்று நான் கேட்கவே இல்லை. அடுத்த நிறுத்தத்தில்தான் அது உறைத்தது. நீங்களாவது அதை முதலில் கேட்டிருப்பீர்கள் என்றால், முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த உரிமை இல்லை.