வைக்கோலுக்குக் கனம் எதற்கு?

“லேசான அம்பு நல்லதா, கனமான அம்பு நல்லதா? சொல்லு பாக்கலாம்.”

அயாஸ் பாய் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது இதுதான். என் அக்கா நிக்கத்துக்கு அவரை மாப்பிள்ளையாகப் பேசி முடித்த புதிது. அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால், நிக்காவுக்கு முன்பே அவர் வீட்டுக்கு வந்து போவதை யாரும் தவறாக நினைக்கவில்லை. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அந்த வயதில் மற்றவர்களுக்குக் கிரிக்கெட் பைத்தியம் என்றால் இவருக்கு வில் பைத்தியம். போட்டிகளில் பார்க்கிற சக்கரம் வைத்த வில் இல்லை. பழைய மாதிரி மரவில். மூங்கிலில் அம்பும் தானே செய்வார்.

நான் பதில் சொல்லவில்லை. புது ஆள் முன்னால் எனக்கு வாய் வராது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதற்கும் அதுதான் காரணம். அவரே பதிலும் சொன்னார். லேசான அம்பு வேகமாகப் போகும், ரொம்பத் தூரம் வரை தாழாது. ஆனால் வில்லின் பலம் முழுவதையும் அது வாங்கிக்கொள்ளாது. மிச்சம் நாணில் அதிர்ந்து சத்தமாக வெளியே வரும். கனமான அம்பு மெதுவாகப் போகும், சீக்கிரம் தாழும். வில் மட்டும் சத்தமே போடாது. பட்ட இடத்தில் அம்பு ஆழமாக இறங்கும்.

“வைக்கோலுக்கு லேசு போதும். கனம்லாம் வெளிநாட்டுல வேட்டைக்குப் போறானுங்களே, அவனுங்களுக்கு,” என்று சொல்லிவிட்டு ஒரு கட்டு அம்பை என் முன்னால் வைத்தார். ஒரே எடையில் இருப்பதைப் பொறுக்கித் தர வேண்டுமாம். எடை மாறினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் போய்க் குத்துமாம்.

எங்கள் வீட்டில் அதற்குத் தராசு இருந்தது. அப்பா அப்துல் சத்தார் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களுக்கு ஜரிகை விற்பவர். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் தராசு அது. அதன் முன்னால் உட்காருவது என் வேலை. ஃபேன் ஓடினால் எண் நிற்காது. அதனால் எடை போடும்போது ஃபேனை நிறுத்திவிட்டு எல்லோரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அம்பு கூண்டைவிட நீளம். இரண்டு பக்கக் கதவையும் திறந்து, தட்டில் ஒரு தம்ளரைக் கவிழ்த்து, அதன் மேல் அம்பைக் குறுக்காக வைத்தேன். கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது. தம்ளரைக் கழித்து இருபத்தைந்து கிராம் சொச்சம். பாஜி, அக்காவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணை அல்ல, அவரை.

அடுத்த முறை வந்த கட்டு முப்பது கிராமைத் தாண்டியது. அதற்கு அடுத்தது நாற்பதை நெருங்கியது. முன்பக்கம் மூங்கிலுக்குள் பித்தளைத் துண்டு இறக்கியிருந்தார். எதற்கு இது என்று அம்மா கேட்டதற்கு, தான் பழகுகிற தாமல் ஏரிப் பக்கம் காற்று அதிகம், லேசான அம்பைத் தள்ளிவிடுகிறது என்றார். அம்மாவுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. முதல் நாள் அவ்வளவு விவரமாகச் சொன்னாரே, அதில் காற்று என்ற பேச்சே வரவில்லை.

அம்புகள் எப்போதும் முனை இல்லாமல்தான் வந்தன. திருகி மாட்டிக் கழற்றுகிற முனையாம். அப்பா கேட்டால் அது வீட்டில் இருக்கிறது, எல்லாம் ஒரே எடைதான் என்பார். ஒருமுறை ஒரு அம்பு மட்டும் மற்றவற்றைவிட வெளுத்து, பிரஷ் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது. அதன் இறகுகள் மட்டும் புதிது. மூங்கில் கணுவின் இடுக்கில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று தங்கியிருந்தது. யாரும் பார்க்காதபோது முகர்ந்து பார்த்தேன். சோப்புத்தூள் வாசனைதான் வந்தது. வைக்கோலைக் குத்திய அம்பை யார் சோப்புப் போட்டுக் கழுவுவார்கள்?

அந்த வாரம்தான் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் கறி கொண்டு வந்தார். தாமலில் தெரிந்தவர் ஆடு அறுத்தார், பங்கு கொடுத்தார் என்றார். கறி கருஞ்சிவப்பாக இருந்தது. வெள்ளை என்று ஒரு துளி கொழுப்பு இல்லை. “இன்னாடி இது, ஆட்டைப் பட்டினி போட்டு வளத்திருக்கானுங்க,” என்று சொல்லிக்கொண்டே அம்மா குக்கரில் வழக்கத்தைவிட அதிக நேரம் விட்டாள். அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாஜி அந்தப் பாத்திரத்தைத் துலக்கித் துடைத்து, பேரீச்சம்பழம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு வீட்டிலிருந்து நிறைந்து வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாக அனுப்புவது எங்களிடம் வழக்கமில்லை. அடுத்த முறையும் கறி வந்தது. பாஜி ரவா அல்வா வைத்து அனுப்பினாள்.

ஏரிக்கு அந்தப் பக்கம் புதர்க்காடு. கோடையில் அங்கிருந்து தண்ணீருக்கு மான் இறங்கும் என்று அப்பாவிடம் ஜரிகை வாங்க வருகிறவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். மான் அடித்தால் ஜெயில் என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிக்காவுக்கு மண்டபம் பேசியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒருநாள் அவர் பிடிபட்டால், உள்ளே போவது அவர். வெளியே இருந்து ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டியது பாஜி. அதுவும் எதுவும் தெரியாமலே கழுத்தை நீட்டியவளாக.

பாஜியிடம் மட்டும்தான் எனக்குப் பேச வரும். துணி மடிக்கும்போது மெதுவாகச் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவே இல்லை.

“எடை போட்டுப் போட்டு உனக்கு எல்லாரும் குறைச்சலாத்தான் தெரியறாங்க,” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “நான் போயிட்டா உனக்குப் பேச ஆளில்ல. அதானே?” என்றாள்.

அது உண்மை. அதனால் அன்றிலிருந்து எனக்கு என் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சோப்பு வாசனையும் கொழுப்பில்லாத கறியும் அவள் போய்விடக் கூடாது என்பதற்காக நானே பிடித்து வைத்துக்கொண்டவையா என்று யோசித்தேன். வாயை மூடிக்கொண்டேன். கண்ணை மூட முடியவில்லை.

பக்ரீத் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, வில் விடுவதைக் காட்டுகிறேன் என்று அவரே எங்கள் எல்லோரையும் தாமலுக்கு அழைத்துப் போனார். ஏரி நடுவில் சுருங்கிக் கிடந்தது. கரையோரச் சேற்றில் சின்னச் சின்னக் குளம்புத் தடங்கள். நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு, ஆடு என்றார். நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

வைக்கோல் கட்டை நிறுத்தியிருந்த நிலம் முருகேசன் என்பவருடையது. கேழ்வரகுக் கொல்லையிலிருந்து துண்டை உதறிக்கொண்டு வந்தவர் அயாஸ் பாயைப் பார்த்ததும் சிரித்தார்.

“இன்னாபா, இன்னைக்கு வெளிச்சத்துலயே வந்துட்ட?”

ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் எப்போதும் இருட்டிவிடுகிறது என்று அயாஸ் பாய் அவசரமாக எங்களுக்கு விளக்கினார். இருட்டில் எந்த வைக்கோலைப் பார்த்து அடிப்பார் என்று யாரும் கேட்கவில்லை. முருகேசன் அப்பாவிடம், “மாப்ளை வந்தா எங்க ஊட்டு நாய்கூட கொலைக்காது பாய், அவ்ளோ சத்தமில்லாம வருவாரு,” என்று பாராட்டாகச் சொல்லிவிட்டு, தண்ணீர் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்பாவும் அம்மாவும் புளியமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பாஜி கொஞ்சம் தள்ளி நின்றாள். அம்பை எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன்.

கனமான அம்பைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். வில்லில் சத்தமே இல்லை. எதிரே வைக்கோலில் தொப்பென்று இறங்குவது மட்டும்தான் கேட்டது. பாஜி கை தட்டினாள். இரண்டாவது அம்பைக் கொடுக்கும்போதுதான் அவருடைய உதடு அசைவதைப் பார்த்தேன். நாணை விடும் நொடியில் மூச்சோடு மூச்சாகச் சொன்னார்.

“பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்.”

மூன்றாவது அம்புக்கும் அதேதான். நான்காவதுக்கும்.

எந்த வேலையைத் தொடங்கினாலும் நாங்கள் பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்போம். தராசைப் போடும்போது அப்பா சொல்வார், அடுப்பைப் பற்றவைக்கும்போது அம்மா சொல்வாள். அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் என்று அல்லாஹ்வின் இரண்டு பெயர்கள் அதில் இருக்கின்றன. ஆடு, கோழி அறுக்கும்போது மட்டும் அந்த இரண்டையும் விட்டுவிட்டு, பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்வார்கள். கத்தியைப் பிடித்துக்கொண்டு அன்பைப் பற்றிப் பேசுவது சரியில்லை என்று அப்பா ஒருமுறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். சில நாட்களுக்கு முன்னால்தான் மாடியில், பக்ரீத்துக்குக் குர்பானி கொடுத்த ஆட்டின் கழுத்தோரம் குனிந்து அவர் அதைச் சொன்னார். வேட்டைக்குப் போகிறவன் அம்பை விடும்போது அதைச் சொன்னால், அம்பு குத்தி ரத்தம் போய் விழுந்த உயிர் ஹலால் என்று மதரஸாவில் படித்ததும் ஞாபகம் வந்தது.

அயாஸ் பாய் அதை யாருக்கும் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவ்வளவு பழகிப்போயிருந்தது.

திரும்பி வரும்போது வண்டியில் பாஜி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவள் மடியில் இன்னொரு டிபன் பாக்ஸ் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து புதுக் கட்டோடு அவர் வந்தார். அப்பா ஒரு மூலையில் ஜரிகை சுற்றிய கட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாஜி டீ வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். உள்ளே சமையலறையில், துலக்கிய டிபன் பாக்ஸின் பக்கத்தில் காலையில் அவள் கிளறிய பாதாம் அல்வா ஆறிக்கொண்டிருந்தது. நான் ஃபேனை நிறுத்தினேன். இருப்பதிலேயே கனமான மூன்று, ஒரே எடையில் வேண்டும் என்றார்.

எடை போட்டேன். பொறுக்கினேன். பொறுக்கிய மூன்றையும் என் பக்கமே வைத்துக்கொண்டு, முதல் நாள் எடை சேராது என்று அவர் விட்டுப்போன லேசான அம்புகளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“வைக்கோலுக்கு இது போதும்னு நீங்கதானே சொன்னீங்க பாய்.”

அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. அவர் பாஜியைப் பார்த்துச் சிரித்தார். “உன் தங்கச்சிக்கு வாய் இருக்குது பாரேன். காத்துமா, காத்து. அன்னைக்கே சொன்னேனே.”

“காத்துக்கு யாராவது தக்பீர் சொல்லுவாங்களா?”

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஃபேன் ஓடாததால் வேறு சத்தமும் இல்லை. அப்பா கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு என்ன தக்பீர் என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு அம்புக்கும் சொன்னார் என்பதையும் சொன்னேன். அயாஸ் பாய் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தப்பாகக் கேட்டது என்று சொல்லியிருந்தால்கூட எல்லோரும் நம்பியிருப்பார்கள். ஆனால் அல்லாஹ்வின் பெயரைச் சொன்னதை இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்தக் கறி?” என்றார் அப்பா.

“ஹலால்தான் மாமு.” குரலில் அவ்வளவு அக்கறை. “லேசா இருந்தா உள்ள போவாது, காயத்தோட ஓடிடும், எங்கயோ போயி சாவும். அது பாவம். கனம் இருந்தா ஒரே அடி, ரத்தம் போயிடும். அதுக்குத்தான் பாத்துப் பாத்து எடுக்கறேன்.”

“ஹலாலா இல்லையான்னு நான் கேக்கலையே. ஆடுன்னு சொன்னியே, அதைக் கேக்கறேன்.”

அதற்குப் பிறகு அவர் நிறையப் பேசினார். மான்கள் கொல்லையை மேய்ந்துவிடுகின்றன, முருகேசனே கூப்பிடுகிறார், வெளியே ஒருவருக்கும் தெரியாது, நிக்காவுக்குப் பிறகு வில்லைத் தொடவே மாட்டேன் என்றார். பேச்செல்லாம் அப்பாவிடம், பார்வையெல்லாம் பாஜியிடம். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று காத்திருப்பது தெரிந்தது. நானும் அவளைத்தான் பார்த்தேன். அன்று துணி மடிக்கும்போது பேசியது போல என்னையே குறை சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“என் கையால துலக்கினேன் அந்தப் பாத்திரத்தை,” என்றாள் பாஜி. யாரிடம் என்று தெரியவில்லை. “ஒவ்வொரு வாட்டியும் கேட்டேன், எந்த ஊட்டு ஆடுன்னு. ஒவ்வொரு வாட்டியும் ஒரு பேர் சொன்னீங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாத்திரம் உரசும் சத்தம் கேட்டது. அம்மா தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள்.

பாஜி டிபன் பாக்ஸோடு வந்தாள். அவர் எழுந்து இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியதும் அவருடைய கைகள் கொஞ்சம் மேலே எழும்பின, கனமாக இருக்கும் என்று நினைத்து வாங்கியவருடைய கைகள் எழும்புவது போல. மூடியைத் திறந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. அவர் பாஜியைப் பார்த்தார். அவள் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் தம்ளர் மேல் ஒரு அம்பு இன்னும் அப்படியே கிடந்தது.

அம்புகளை அவர் எடுக்கவில்லை. வெறும் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டி, தெருவில் இறங்கிப் போனார்.