பழுகாமம் வரை வளர்ந்த பாதை

மட்டக்களப்பு நிலையத்தோடு முடிகிற ரயில் பாதை, 2024 கார்த்திகை வெள்ளத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை விடிவதற்கும் காலைச் சாப்பாட்டுக்கும் இடையில் வாவியைக் கடந்து பழுகாமத்தில் தங்கராசாவின் வாசல் வரை வளர்ந்து வந்து நின்றது. மாகோவில் பிரிந்து, கல்லோயா, பொலநறுவை, புனானை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று வருகிற அந்தப் பாதை மட்டக்களப்பை எட்டியது 1928இல். அதற்கப்பால் ஓரடி நகரத் தொண்ணூற்றாறு வருடம் எடுத்துக்கொண்டது. வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்காரர்கள் பொறுமைசாலிகள், யாரும் கோபிக்கவில்லை.

தங்கராசா அந்தப் பாதையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுத்தியலால் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்து, ஆடுகிற மூட்டுகளை இறுக்கிக்கொண்டு நடப்பது வேலை. போர்க்காலத்தில் தண்டவாளங்கள் பெயர்ந்து பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போன பிறகும், நடக்கவேண்டாம் என்று யாரும் கடிதம் தராததால், பதின்மூன்று வருடம் வெறும் கல்லைத் தட்டிக்கொண்டு நடந்தார். மனுசனுக்குக் கழன்றுவிட்டது என்றார்கள். ரயில் திரும்பி வந்தபோது அதே ஆட்கள்தான் மாலை போட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் மகள் நிருஷாவுக்கு வலி கண்டிருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று மருத்துவமாது முன்பே சொல்லியிருந்தார். தெருக்கள் அறுந்து, ஓடமும் நின்றுவிட்டிருந்தது. வாசலில் இரண்டு பெட்டிகளோடு ரயில். பாதை போகிற இடத்துக்குப் போவதுதான் தன் வேலை என்றார் சாரதி. தங்கராசாவோ சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தார்.

“இஞ்சேருங்க, மகள் துடிக்காள். நீங்க ஆணி தட்டப் போறீங்களோ?” என்று கத்தினாள் மனைவி அன்னப்பூரணி.

“பாதை பாக்காம ரெயில விட ஏலா புள்ள. ஏறுங்க, நான் முன்னால நடக்கன்.”

அவர் நடந்தார்; ரயில் பின்னால் ஊர்ந்தது. வாவி தன்னைச் சுருக்கிக்கொண்டு வழிவிட்டது. நடுவாவியில் ஒரு மூட்டு ஆடியது. மகளின் அலறல் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, பார்க்காததுபோல் போய்விடலாமா என்று நினைத்தார். பிறகு தண்ணீரில் மண்டியிட்டு இறுக்கினார். முக்கால் மணி நேரத்தில் மட்டக்களப்பு வந்தது.

பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். தங்கராசா நிலையத்துக்கு ஓடிப்போய்த் தண்டவாளத்தைக் கட்டிக்கொண்டு, “காப்பாத்திப்போட்டாய் ராசா” என்று வெட்கமில்லாமல் அழுதார்.

வெள்ளம் வடிந்தும் பாதை போகவில்லை. பழுகாமத்துக்கும் அப்பால், வெல்லாவெளியிலும் பிள்ளைத்தாச்சிகள் இருக்கிறார்கள். அதனால் அவ்வூரார் இந்த மாரிக்குத் தங்கள் வயல் நடுவே ஒரு ரயில் அகலத்துக்கு விதைக்காமல் விட்டிருக்கிறார்கள்.