சாம்பல் பூத்த நாற்பத்தேழு

நாற்பத்தேழாம் முயற்சியின் பொடி வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். வேதியியல்காரி புட்டியைச் சன்னலோரம் தூக்கிப் பிடித்தாள். லேசாகச் சாம்பல் பூத்திருந்தது.

நீளமான மூலக்கூறின் இரண்டு முனைகளையும் இணைத்து வளையமாக்குவது அவள் வேலை. இணைத்துவைப்பது பல்லேடியம் என்ற உலோகம். கல்யாணத் தரகர் மாதிரி, காரியம் முடிந்ததும் அது கிளம்பிவிட வேண்டும். தானாகக் கிளம்பாது, வடிகட்டித் துரத்த வேண்டும். போன மாதம் அக்காவுக்குப் புற்றுநோய் மருந்தேற்றும் நாளில், மருத்துவமனைக்கு ஓடுகிற அவசரத்தில், அந்த ஒரு வடிகட்டலை விட்டுவிட்டாள். சாம்பல் நிறம் அந்த உலோகத்துடையது.

அந்தப் பொடிதான் கிண்ணத்தில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றிருந்தது. ஆய்வகத் தலைவர் எலிச் சோதனைக்கு நாள் குறித்துவிட்டார். தங்கை மருந்து கண்டுபிடித்துவிட்டதாக அக்கா வார்டு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள்.

“சுத்தம் பண்ணி மறுபடி பார்க்கணும் சார். கொன்னது வளையமா, ஒட்டிக்கிட்டிருந்த உலோகமான்னு தெரியல.”

“செத்தது செத்ததுதானேம்மா? வந்த லட்சுமிய வாசல்லயே நிறுத்தி விசாரிக்கிறியே!”

விசாரித்தாள். சுத்தம் செய்த பொடி பால் போல வெளுத்தது. செல் வளர்க்கும் அறைக்காரருக்கு ஆமை என்று பட்டப்பெயர். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு கூப்பிட்டார்.

“வந்து பாரு தாயி. எல்லாம் ஜோரா இருக்குது. முன்னைவிடக் கொழுத்திருக்குன்னுகூடச் சொல்லலாம்.”

நுண்ணோக்கியில் குனிந்தாள். ஒன்றுகூடச் சாகவில்லை.

“உலோகத்தை மட்டும் தனியா ஒரு கிண்ணத்துல போட்டேன்,” என்றார் ஆமை, குரலைத் தாழ்த்தி. “அதுல ஒண்ணும் மிஞ்சல.”

குறிப்பேட்டில் எழுதினாள்: ‘47. வளையத்தால் பலன் இல்லை. கொன்றது உலோக எச்சம்.’ எழுத்து வழக்கத்தைவிட அழகாகவே விழுந்தது. தலைவர் படித்துவிட்டு, நாட்காட்டியில் வட்டமிட்டிருந்த தேதியை அடித்தார். அவளைத் திட்டக்கூட இல்லை.

மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

“என்னடி, எலிக்குக் குடுத்தாச்சா?”

“இல்லக்கா. அது மருந்தே இல்ல. நான் வடிகட்டாம விட்ட உலோகம்தான் கொன்னிருக்கு.”

“அப்ப அந்த உலோகத்தையே குடுங்களேன்.”

“அது உன்னையும் சேர்த்துக் கொன்னுடும்.”

“இப்ப ஏத்துறது மட்டும் என்னவாம், தாலாட்டா பாடுது?” அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கியது. “ஏழாம் கட்டில் அம்மா தினமும் கேக்கறாங்கடி. என்னால சொல்ல முடியாது. நீயே வந்து சொல்லிடு.”

“சனிக்கிழமை வர்றேன்.”

“வெள்ளிக்கிழமையே வா. அவங்களுக்கு சனிக்கிழமை வரைக்கும்…”

“சரி, வர்றேன்.”

போனை வைத்தாள். நாற்பத்தேழை நாற்பத்தாறுக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்தாள். பளிச்சென்று இருந்தது. ஒரு செல்லையும் கொல்லத் துப்பில்லாத, சுத்தமான வெள்ளை.