லாரியக்காவின் மேல் ஏறிய குரல்

இது நடந்தது அந்த வருஷத்து மழைக்கு முன்பா பின்பா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தெருவில் ஒருவரைக் கேட்டால் ஒன்று சொல்கிறார், அவர் மனைவியைக் கேட்டால் வேறொன்று சொல்கிறார், இரண்டையும் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு ஞாபகம் இருந்ததும் கலங்கிவிடுகிறது. ஆனால் ஒரு விஷயத்தில் எவருக்கும் சந்தேகம் இல்லை. ஏரியைப் பற்றிய படம் தொலைக்காட்சியில் வந்த மறுநாள் காலையிலிருந்து, தண்ணீர் லாரி ஓட்டும் பெண் வாயைத் திறந்தால் அவளுடைய குரல் முதல் இரண்டு சொல்லுக்குத்தான் கேட்டது. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு ரேடியோவைப் போல அது உள்ளே அடங்கிவிடும், அதன் மேல் ஓர் ஆணின் குரல் ஏறிக்கொள்ளும். நடுத்தர வயதுக் குரல். வெந்நீர் குடித்துவிட்டு வந்ததைப் போல இதமான தொண்டை. புத்தகத்தில் எழுதுவது போன்ற சுத்தமான நடை. அவள் உதடு ஒன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும், அவள் வாயை மூடிய பிறகும் குரல் தன் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நிற்கும்.

அவளை எல்லோரும் லாரியக்கா என்பார்கள். எங்கள் தெரு ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் பெயின்ட் கம்பெனி. கம்பெனியில் அன்று எந்த நிறம் ஓடுகிறதோ அதுதான் அன்றைக்கு ஏரியின் நிறம்; பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பச்சை நாள், சிவப்பு நாள் என்று சொல்லித்தான் வளர்ந்தார்கள். கிணறுகளும் நிறம் மாறியபோது, அவள் தன் நகைகளை விற்று ஒரு பழைய டேங்கர் லாரியை வாங்கி, நெடுஞ்சாலைக்கு அப்பாலிருந்து தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தாள். அவள் கணவர் தையல்காரர், மெதுவாகப் பேசுகிறவர். இருவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள் என்பதால் அவருக்கு அதில் குறையொன்றும் இருக்கவில்லை.

படக்குழு வெளிநாட்டிலிருந்து வந்தது. உலகத்து ஏரிகளைப் பற்றி வரிசையாகப் படம் எடுக்கிறார்களாம், எங்களுடையது கடைசி ஏரி. இயக்குநர் உயரமான பெண்மணி, ரொம்ப மரியாதையானவள், எதற்கும் நன்றி சொல்வாள். அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர், பையை எப்போதும் நெஞ்சில் அணைத்தபடி. லாரியக்கா லாரியிலிருந்து இறங்குவதை எடுத்துப் பார்த்தார்கள். பெண் லாரி ஓட்டினால் பார்க்கிறவர்களுக்குக் கதை புரியாது என்று, பக்கத்து வீட்டில் ஒரு குடத்தை வாங்கி அவள் இடுப்பில் வைத்து, கரையோரமாக நடக்கச் சொன்னார்கள். அவளும் போனால் போகிறதென்று நடந்தாள். பிறகு நாற்காலி போட்டு உட்காரவைத்து, இந்த ஏரியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவள் சொன்னது எங்களுக்கெல்லாம் தெரியும், நாங்கள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தோம். இந்த ஏரியை நாங்கள் கெடுக்கவில்லை, கம்பெனிதான் கெடுத்தது, போக வேண்டியது கம்பெனிதான், நாங்கள் இங்கேயேதான் இருப்போம் என்று சொன்னாள். சொல்லிவிட்டு, கேமராவைப் பார்த்து, போதுமா என்றும் கேட்டாள்.

படம் வந்த அன்று தெரு முழுக்கத் தையல்கடை டிவியின் முன்னால் கூடியது. வெளிநாட்டில் அவர்கள் மொழியில் பேசி முடித்த படத்தை நம்மூர் சேனல் வாங்கி, அதிலிருந்து மறுபடி நம் பேச்சுக்கு மாற்றியிருந்தது. ஆகவே நம் மொழியில் பேசியவளையும் நம் மொழியிலேயே ஒருவர் மொழிபெயர்த்தார். குடத்தோடு நடந்தாள், லாரி எங்குமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். "இந்த ஏரியை" என்பதுவரை அவள் குரல். பிறகு அந்த ஆண் குரல். "எங்கள் முன்னோர்களின் கண்ணீர் என்றே நாங்கள் அழைக்கிறோம். இனி இங்கே எங்களுக்கு எதுவும் மிச்சமில்லை. யாரேனும் எங்களை வேறிடத்துக்கு அழைத்துச் சென்றால் போதும்." அந்த இடத்தில் மெதுவான தந்தி இசை ஒன்று ஓடியது. இசைக்குப் பொருத்தமான வார்த்தைகள் வேண்டுமே, அவள் சொன்ன கம்பெனி அந்த இசையில் எங்கே உட்காரும்? படம் முடிந்தது. தையல்காரர் எழுந்து டிவியை அணைத்தார், அணைத்தபிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை லாரியக்கா கணவரைக் கூப்பிட்டு ஹோஸ் பைப்பை இழுத்துப் போடச் சொன்னாள். வீட்டுக்குள் ஓர் ஆண் குரல், "ஒவ்வொரு விடியலும் எங்களுக்கு ஒரு புதிய போராட்டம்" என்றது. தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஆளைத் தேடினார். அடுப்பை அணைக்கச் சொன்னால் நெருப்பு மனித நாகரிகத்தின் விடிவெள்ளி என்று சொன்னது. டீசல் போடுகிறவனிடம் சண்டைக்குப் போனால், இயற்கையோடு இணைந்து வாழக் கற்றவர்கள் நாங்கள் என்று சொன்னது, அவன் இன்னும் கொஞ்சம் குறைத்து ஊற்றினான். டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை, குரல் நன்றாகத்தான் இருக்கிறது, யாருடையது என்று கேட்டார். தையல்காரரின் தங்கை, லாரியக்காவின் நாத்தனார், வாசலில் நின்று, "என்ன அண்ணி, வீட்டுக்கு ஒரு பெரிய மனுஷர் வந்திருக்காரு, ஒரு டீ கூடக் குடுக்கலியா?" என்றாள். இரண்டு வாரத்தில் தெருவுக்குப் பழகிவிட்டது. தண்ணீர் லாரி வந்ததென்று அவள் கத்தினால், நீரின்றி அமையும் உலகம் எது என்று குரல் கேட்கும், ஜனங்கள் பக்கெட்டோடு வெளியே வருவார்கள்.

அப்படியே போயிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் படத்தைப் பார்த்து உலகத்தில் பல பேர் அழுதார்கள். ஏரிகளைக் காக்கும் ஒரு வெளிநாட்டு அமைப்பு, அழுதவர்களிடம் நிதி திரட்டி, எங்கள் மீது இரக்கப்பட்டது. நெடுஞ்சாலைக்கு அப்பால் அடுக்குமாடிக் கட்டடம் கட்டித் தெருவை அங்கே கொண்டுபோவது, கரையில் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு நடைபாதை போடுவது என்று முடிவானது. நடைபாதைக்கு பெஞ்சுகளைப் பெயின்ட் கம்பெனி இலவசமாகக் கொடுக்கும். கம்பெனிக் கழிவை ஏரிக்குள் விடும் குழாயைப் பற்றிப் பேச்சே இல்லை. ஓர் அதிகாரி வந்து வீடுகளில் எண் போட்டார். நாங்கள் போகவில்லை என்றதற்கு, "நீங்களேதானே டிவியில கேட்டீங்க, அந்தம்மா கெஞ்சினத நானே பார்த்தேன்" என்றார். படத்தில் வந்தது அவள் முகம் என்பதால், மறுப்பதாயிருந்தால் அவளே விசாரணைக் கூட்டத்தில் வந்து மறுக்க வேண்டும், மற்றவர்கள் சொல்வது எடுபடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். எழுதிக் கொடுத்துவிடலாமே என்றார் தையல்காரர். எழுதிக் கொடுக்க நான் என்ன ஊமையா என்று அவள் கையாலேயே கேட்டாள்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைத் தேடி அவள் லாரியை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனாள், கூடவே நாத்தனாரும். குரல்காரரைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்து வாசலில் லாரியை நிறுத்தி அவள் பேச ஆரம்பித்ததுமே காவலாளி, அவரா, இதோ இந்தத் தெருவில் மாடிவீடு என்று கையைக் காட்டினான். ஒல்லியான மனிதர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். சிங்கத்துக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் விதவைக்கும் பனிப்பாறைக்கும் அவர்தான் பேசுகிறவர். லாரியக்கா பேசியபோது அவர் வாய் சும்மா திறந்து மூடியது, குரல் அவள் தோளுக்கு மேலிருந்து வந்தது. சில மாதங்களாகவே மைக் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது திடீர் திடீரென்று குரல் காணாமல் போகிறது, வேலை போய்விடும் போலிருக்கிறது என்று, அவள் மூச்சு வாங்கிய நேரத்தில் அவர் அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "வீட்டுல வாயத் திறக்கவே மாட்டேங்கறாரேன்னு பார்த்தேன். உங்க வீட்டுலதான் பேசிட்டு இருந்தாரா?"

குரல்காரர் கைகூப்பினார். "நான் காகிதத்துல இருக்கறத படிக்கறவன்மா. பனிப்பாறைக்கும் படிச்சேன், அது வந்து என்கிட்ட கேட்டதில்ல. நீங்க கொஞ்சம் குறைச்சுப் பேசினீங்கன்னா என் பொழப்பும் ஓடும், உங்களுக்கும் தொந்தரவு இருக்காது."

"குறைச்சுப் பேசணுமா" என்றாள் லாரியக்கா. அவள் மேலே சொன்னதெல்லாம், எங்கள் பெண்களின் புன்னகைக்குப் பின்னால் ஆழ்ந்த மௌனம் உண்டு என்று அவர் குரலிலேயே அவர் வீட்டுக்குள் ஒலித்தது. ஆனால் அந்த முதல் இரண்டு சொல்லுக்கு அவர் முகம் அடிபட்டது போலானதை நாத்தனார் பார்த்தாள், லாரியக்காவும் பார்த்தாள்.

அவள் லாரியை ஊருக்குத் திருப்பினாள். டேங்கில் பாதித் தண்ணீர் இருந்தது. அப்படி ஓட்டுவது கஷ்டம். பிரேக் போட்டால் வண்டி நிற்கும், உள்ளே தண்ணீர் நிற்காது, முன்னால் போய் இடித்துவிட்டுத் திரும்பும். ஒரு சிக்னலில் அவள் காரணமில்லாமல் லாரியை இழுத்து நிறுத்தினாள், தண்ணீர் இடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, "போக மாட்டோம்" என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டாள். குரல் தொண்டையைக் கனைத்தபடி மேலே வந்தது. ஏறி மூடுவதற்கு அங்கே அவள் பேச்சு எதுவும் இல்லை. கொஞ்சநேரம் லாரிக்குள் அலைந்துவிட்டு அடங்கிப்போனது. நாத்தனார் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் அவள் சிரிக்காமல் விட்ட சந்தர்ப்பம் அது ஒன்றுதான் என்று அவளே பின்னால் சொன்னாள்.

விசாரணைக் கூட்டம் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நடந்தது. மேடையில் அதிகாரி, கம்பெனி மேலாளர், வெளிநாட்டு அமைப்பின் தலைவி, அவளருகே பையை அணைத்தபடி அதே மொழிபெயர்ப்பாளர். முதலில் படத்தின் அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டினார்கள். தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு லாரியக்காவைக் கூப்பிட்டு, மனதில் இருப்பதைத் தாராளமாகச் சொல்லலாம் என்றார்கள்.

"போக மாட்டோம்" என்றாள். நிறுத்தினாள். குரல் எழுந்தது, ஒன்றும் கிடைக்காமல் தணிந்தது. அது முழுதாகத் தணியும்வரை அவள் காத்திருந்தாள். அந்த இடைவெளியில் மின்விசிறிச் சத்தம் கேட்டது, வெளியே யாரோ சைக்கிள் நிறுத்துவது கேட்டது. "ஏரி எங்களது" என்றாள். மறுபடி காத்திருந்தாள். "கம்பெனி கெடுத்தது." அதிகாரி, இப்படித் துண்டு துண்டாகச் சொன்னால் பதிவு செய்ய முடியாது, முழு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்றார். "மாட்டேன்" என்றாள். குரலும் உஷாராகி, இரண்டாவது சொல்லிலேயே ஏறப் பார்த்தது. அவள் ஒரே சொல்லுக்கு இறங்கினாள். "குழாய்." காத்திருந்தாள். "அடைங்க." காத்திருந்தாள். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும்வரையும் காத்திருந்தாள். அத்தனை பேர் இருந்த கூடத்தில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. எங்கள் பேச்சு அப்படி ஒரு அமைதிக்கு நடுவில் வைக்கப்பட்டதும் அதுவே முதல் தடவை.

மேடையில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. மொழிபெயர்ப்பாளர் இத்தனை காலமும் நீளமான பேச்சை வாங்கி, மடித்து, மென்மையாக்கிக் கொடுத்துப் பழகியவர். ஒற்றைச் சொல்லை எப்படி மடிப்பது? "அடைங்க" என்பதை அவர் தலைவியிடம் அப்படியேதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது நெஞ்சிலிருந்த பை மடிக்கு நழுவியது. தலைவியின் முகம் ஒவ்வொரு சொல்லுக்கும் மாறியது. அவள் எழுந்து, அப்படியானால் படத்தில் நீங்கள் கேட்டது என்ன என்று வினவினாள்.

"நான் கேக்கல" என்றாள் லாரியக்கா.

அதிகாரி பொறுமை இழந்து, உங்களுக்கு இப்போது என்னதான் வேண்டும் என்றார். ஒன்றும் வேண்டாம் என்பதைக் கையை விரித்துக் காட்டினாள். "ஒண்ணும் வேணாம்னா எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"சொல்ல."

குரல் எழவில்லை. அது எழுமென்று எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்று அது எழவேயில்லை.

விருப்பமில்லாதவர்களை இடம் மாற்றுவதில்லை என்று சொல்லி அந்த அமைப்பு நிதியோடு வேறொரு ஏரிக்குப் போய்விட்டது. வீட்டுச் சுவர்களில் போட்ட எண்களை வேறு பெயின்ட் வாங்கி அழித்தோம். குழாய் உடனே அடைபடவில்லை. தெரு முழுக்கக் கம்பெனி வாசலில் போய் நின்று, ஒருவர் ஒரு சொல் சொல்லி, அடுத்தவர் காத்திருந்து, இப்படியே மூன்று மழைக்காலம் கழிந்தபின் அடைத்தார்கள். ஏரி இப்போது பெரும்பாலும் சேற்று நிறத்தில் இருக்கிறது. கம்பெனி வடக்கே எங்கோ போனது, மேலாளரும் கூடவே போனார். மொழிபெயர்ப்பாளர் அந்தத் தொழிலை விட்டுவிட்டு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். படம் எடுக்க இன்னும் ஆட்கள் வருகிறார்கள். நாற்காலி போட்டால் உட்காருகிறோம், இரண்டு சொல் சொல்கிறோம், பிறகு கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் என்ன இசை போட்டாலும் ஒட்டவில்லையாம். நாத்தனாருக்குக் கல்யாணமாகி அதே தெருவில்தான் இருக்கிறாள். குரல்காரர் இப்போது மிருகங்களுக்கு மட்டும் பேசுகிறார். லாரியக்கா இன்னும் லாரி ஓட்டுகிறாள். நீளமாகப் பேசினால் அந்தக் குரல் இன்றும் வருகிறது. வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று போன் வந்தால் அவள் வேண்டுமென்றே மூன்றாவது சொல்லைச் சொல்லி, மிச்சத்தை அவரிடம் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறாள். நகரத்தில் அவர் சிங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, அவள் முடிக்கும்வரை டீ குடிக்கிறார்.